கேத வீட்டுக்கு வந்த வீடியோ கால்

“அப்பனுக்கு நீர்மாலை எடுக்கப் போறவனுக்குப் போனு என்னடா போனு?” என்று விஜயபாண்டி மாமா ஜெகதீஷின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி, அவன் அக்கா தமிழ்செல்வியின் கையில் திணித்தார். “இந்தா ஆத்தா, இத நீ வச்சுக்க. எவனாச்சும் துக்கம் கேட்டுக் கூப்பிட்டா நீயே பேசு. மாப்ள, நீ நட. கொட்டுக்காரங்க நிக்கிறாங்க.”

ஜெகதீஷ் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு. போனை வைத்துக்கொள்ள ஒரு பை கிடையாது.

“இல்ல மாமா, ஸ்கூல்ல இருந்து கூப்பிடுவாங்க...”

“ஸ்கூலு நாளைக்கும் இருக்கும். ஒங்கப்பா இருக்க மாட்டாரு. வெரசா நட.”

உறுமி முழங்கியது. ஆண்கள் குடங்களோடு தெருமுனைக் குழாயடிக்கு நகர்ந்தார்கள். திருப்பத்தில் ஜெகதீஷ் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான். பந்தலில் கிடத்தியிருக்கும் அப்பாவைத்தான் பார்க்கிறான் என்று தமிழ்செல்வி நினைத்துக்கொண்டாள்.

அப்பா சோலைமலைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போடியிலிருந்து மெட்டு மலைப்பாதை வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைக் கண் மங்கும்வரை ஓட்டியவர். அன்று விடியற்காலை எழுந்து, பல் துலக்கி, இரண்டு இட்லி சாப்பிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்று மகளிடம் சண்டை போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு அவள் வந்தபோது போய்விட்டிருந்தார். இப்படிச் சாகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் தேர் வேண்டாம், எங்கள் ஜீப்பில்தான் கொண்டுபோவோம் என்று வாதாடி ஜெயித்து, தெருவில் ஒரு ஜீப்பின் கூரையைக் கழற்றி வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்செல்வியின் கணவன் அங்கேதான் கயிறும் கையுமாக நின்றான்.

மலையிலிருந்து இரண்டு ஜீப் நிறையப் பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அன்னக்கொடி. சோலைமலை ஓட்டிய காலமெல்லாம் ஜீப்பில் முன்சீட்டு அவளுக்குத்தான். வந்ததும் பிணத்தின் கன்னத்தைத் தட்டி, “வளவுல ஹாரன் அடிக்காமத் திரும்பாதேன்னு எத்தன தடவ சொன்னேன், இன்னைக்கு அடிக்காமத் திரும்பிட்டியே” என்று அழுதாள். சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திச் சிரித்தார்கள். பிறகு மறுபடி அழுதார்கள்.

போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். வீடியோ கால்.

பெரியப்பா மகன் முனீஸ்வரன் கத்தாரில் இருக்கிறான். யாருடைய போனையாவது வாங்கிக் கூப்பிடுகிறேன், சித்தப்பா முகத்தை ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று காலையிலேயே அழுதிருந்தான். அவன்தான் என்று தமிழ்செல்வி திரையைப் பார்க்காமலே தொட்டு, போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“பாத்துக்க முனீசு, நல்லாப் பாத்துக்க. தூங்குற மாதிரித்தான் இருக்காரு.”

“ஆரு, வெளிநாட்டுப் பிள்ளையா? இங்கிட்டுக் காட்டு மோளே” என்று அன்னக்கொடி போனுக்கு முன்னால் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஏ அப்பு! கடலு தாண்டிப் போனவனே! மல ஏத்தத்துல மூச்சு வாங்காத மனுசன், நாக்காலியில உக்காந்து மூச்ச விட்டுட்டாரே! நீ பாக்க வரலையே!” மலைப்பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி போனைப் பார்த்துக் கையை நீட்டிக் கூப்பிட்டாள். தமிழ்செல்வி மாலையைக் காட்டினாள், பெருவிரல்கள் சேர்த்துக் கட்டிய காலைக் காட்டினாள், வெளியே வாழைமரம் கட்டிய ஜீப்பையும் காட்டினாள்.

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பாவம், அழுகிறான் போல என்று திருப்பிப் பார்த்தாள். திரையில் முகம் இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு தோளும் வெறும் சுவரும் தெரிந்தன. முனீஸ் எப்போது போலீசில் சேர்ந்தான் என்று ஒரு கணம் குழம்பினாள். ஒரு கை குறுக்கே வந்தது. இணைப்பு அறுந்தது.

உடனே கீழே எழுத்துகள் விழுந்தன.

‘நாடகம் செய்ய வேண்டாம். இன்று மாலைக்குள் பணம் போடு. இல்லை என்றால் உன் குடும்பம் நண்பர் பள்ளி அனைவரும் வீடியோ பார்ப்பர்.’

அடுத்து ஒரு படம். முதலில் தம்பியின் முகம் தெரிந்தது. கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் அவன் அறையின் காலண்டர். அதற்குக் கீழே கண் போனதும் தமிழ்செல்வி உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படத்தைத் தாண்டி மேலே தள்ளிப் படித்தாள். எல்லாம் ஜெகதீஷ் எழுதியது. ‘இருந்ததெல்லாம் அனுப்பிட்டேன் சார்.’ ‘ப்ளீஸ் சார், ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க சார்.’ கடைசியாக இன்று காலை: ‘சார், எங்க அப்பா இறந்துட்டாங்க சார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்ருங்க சார்.’

கணக்கு வாத்தியார் அவன். பொழுதுக்கும் பிள்ளைகள் அவனைத்தான் சார் என்று கூப்பிடும்.

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று அவளுக்கு வந்தது. யாரை என்று தெரியவில்லை. முதலில் தம்பியை. பிறகு அந்தக் காக்கிச் சட்டையை. அம்மா போன பிறகு இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அடுப்பு மேடையில் உப்புப் போட்ட சட்னி அப்படியே இருந்தது. கொட்டுச் சத்தம் திரும்பி வர ஆரம்பித்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட மகனையும் மகளையும் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் ஈர வேட்டியோடு ஜெகதீஷ் நின்றான். உறுமி காதைப் பிளந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அது நல்லதாகப் போயிற்று.

அவள் குனிந்து அப்பாவின் உதட்டில் அரிசியை வைத்துக்கொண்டே சொன்னாள். “தம்பி, நான் பாத்துட்டேன்.”

அரிசி அள்ளிய அவன் கை அந்தரத்தில் நின்றது.

“அக்கா...”

“அரிசியப் போடு. எல்லாரும் பாக்குறாங்க.”

போட்டான். பாதி மாலையில் சிந்தியது.

“அக்கா, நான் வந்து...”

“இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். இனிமே காசு அனுப்பாத. போனு எங்கிட்ட இருக்கட்டும். அப்பாவ நல்லபடியாக் கொண்டுபோயிட்டு வா.” சிந்திய அரிசியை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயருகே தள்ளினாள். “வந்துரணும். தெரியுதா?”

அவன் தலையை ஆட்டினான். அதுவரை அழாமல் விறைத்துக்கொண்டு நின்றவன் அப்போதுதான் அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதான். “அழட்டும், அழட்டும், காலையில இருந்து கல்லு மாதிரி நின்னான்” என்றார் மாமா.

ஜீப் கிளம்பியது. பின்னால் ஸ்டாண்டு ஜீப்புகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. தெருமுனைவரை போன பெண்கள் திரும்பி வந்து வாசலைக் கழுவ ஆரம்பித்தார்கள். தமிழ்செல்வி மொட்டைமாடிக்கு ஏறினாள். கொடியில் அப்பாவின் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தன் போனில் சூர்யகலாவைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தமிழ்செல்வி நடத்தும் பியூட்டி பார்லருக்கு மாதம் தவறாமல் புருவம் எடுக்க வரும் ஏட்டு அவள். நூல் இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் கட்டினாலும் முகத்தைச் சுளிக்க மாட்டாள்.

“அக்கா, அப்பா தவறிட்டாருன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். டூட்டி முடிச்சு வரலாம்னு இருந்தேன்.”

“வரும்போது வா. இப்ப ஒண்ணு கேக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “எந் தம்பி, சூர்யா.”

சொல்லி முடிக்கும்வரை எதிர்ப்பக்கம் ஓர் ‘அய்யோ’கூட வரவில்லை.

“சரிக்கா. காசு இனி ஒத்த ரூவா போகக்கூடாது. குடுக்கக் குடுக்கக் கேப்பாங்க. பதிலும் எழுதாதீங்க. ஆனா கோவத்துல எதையும் அழிச்சிராதீங்க. நம்பரு, மெசேஜு, காசு போனது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. எடுத்துட்டு சைபர் போலீசுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போடுங்க, ஒண்ணு ஒம்பது மூணு சைபர். பெறகு நம்பரப் பிளாக் பண்ணிருங்க. நாளைக்குச் சுடுகாட்டுல காடாத்து முடிச்சுட்டு ரெண்டு பேரும் வாங்க, நானே தேனி சைபர் கிரைம் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அவன் மேல கேசு வந்துருமா?”

“எதுக்கு? மெரட்டுறவன் மேலதான் கேசு. காக்கிச் சட்டையப் பாத்து மெரண்டுறாதீங்க, அவனுக கடையில வாங்கி மாட்டியிருப்பானுக.”

“படத்த எல்லாருக்கும் அனுப்பிருவானோ?”

“மாட்டான்னு நான் சத்தியம் பண்ண முடியாதுக்கா. காசு பெயராதுன்னு தெரிஞ்சா நெறையப் பேரு அடுத்த ஆளத் தேடிப் போயிருவானுக. சிலவன் அனுப்பியும் பாப்பான். பரவாமத் தடுக்க வழி இருக்கு. படத்த யாருக்கும் குடுக்க வேணாம், நம்ம போன்லயே வச்சு அதோட அடையாளத்த மட்டும் அதுக்குன்னு இருக்குற வெப்சைட்டுல பதிஞ்சு விட்டா, பேஸ்புக்கு மாதிரி எடத்துல அந்தப் படம் ஏறாமத் தடுத்துரும். வாங்க, காட்டித் தர்றேன். வாத்தியாரு, காலேஜுப் பிள்ளைக, பேரன் எடுத்தவரு, எல்லாருந்தான்கா வர்றாங்க. கர்ச்சீப்ப முறுக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.” சற்று நிறுத்தினாள். “இன்னொண்ணு. தம்பியத் தனியா விடாதீங்க. புத்தி சொல்லணும்னுகூட இல்ல. பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டும்.”

போனை வைத்த பிறகுதான் தமிழ்செல்விக்குக் காலை நேரம் நினைவில் வந்து இடித்தது. அப்பாவைக் கிடத்திய கொஞ்ச நேரத்தில் ஜெகதீஷ் பைக் சாவி கேட்டான். மெட்டு வரைக்கும் போய் எஸ்டேட்டு ஆட்களுக்கு நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். போனில் சொன்னால் போதாதா, ஒரே மகன் நீ போய்விட்டால் இங்கே யார் நிற்பது என்று அவள் சாவியைக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். மெட்டுப் பாதையின் வளைவுகளையும், அதற்குக் கீழே அடி தெரியாமல் இறங்கும் பள்ளத்தையும் அப்பாவின் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, சுடுகாட்டுக்குப் போயிருந்த மாமா மகன் அருள்பாண்டியைக் கூப்பிட்டாள்.

“தம்பி எங்க?”

“இங்கதான் மதினி. ஜக்கையன் மச்சானுக்கு மொட்ட போட்டுக்கிட்டிருக்காரு. மண்ட நல்ல வட்டம், கத்தி நிக்காம ஓடுது.”

“அவன விட்டு நகராத.”

“ஏன் மதினி?”

“சொல்றேன். ஒட்டிக்கிட்டே நில்லு. வரும்போதும் ஒன் வண்டியிலயே ஏத்திக் கொண்டா.”

எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, சூர்யகலா சொன்ன எண்ணைப் போட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு குரல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது, எந்த நம்பர், எந்த வங்கி. கீழே அழுகையும் வாளிச் சத்தமும் கேட்டதோ என்னவோ, “மேடம், வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்றாள். “எங்கப்பா இறந்துட்டாரும்மா” என்றதும் அவள் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. அப்புறம், “பொறுமையாச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்” என்றாள். முகம் தெரியாத அந்தக் குரலைக் கேட்டதும்தான் தமிழ்செல்வி அன்று முதன்முதலாக அழுதாள். மடித்த பனியனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

புகார் எண் வந்தபோது தம்பியின் போன் மறுபடி அதிர்ந்தது. துடைப்பமும் கையுமாக மாடிக்கு வந்திருந்த அன்னக்கொடி அதைப் பார்த்தாள்.

“எடுக்கலையா மோளே?”

“எவனோ தம்பிய மெரட்டுறான் அன்னக்கொடியக்கா. அசிங்கம் பண்றான். போலீசுல சொல்லியாச்சு.”

அன்னக்கொடிக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை உதறிச் செருகினாள். “கொண்டா இங்கிட்டு. நான் பேசுறேன்.”

“பதில் பேசக்கூடாதாம்.”

“ஒரே ஒரு வார்த்த.”

“ஒண்ணும் கூடாதாம்.”

“என்ன போலீசோ போ” என்று அன்னக்கொடி மனசில்லாமல் துடைப்பத்தை எடுத்தாள். இறங்கும்போது, மூணாவது படியில் நின்று அந்த ஒரு வார்த்தையைக் காற்றில் சொல்லிவிட்டுப் போனாள். தமிழ்செல்வி சிரித்துவிட்டாள். சிரித்ததைக் கீழே யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நம்பரைப் பிளாக் செய்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஆண்கள் திரும்பினார்கள். காலைக் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். மாமா வீட்டுச் சாப்பாடு. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும். மொட்டைத் தலையோடு ஜெகதீஷ் எல்லோருக்கும் இலை போட்டுக்கொண்டு வந்தான். உரசுகிற தூரத்தில் அருள்பாண்டி நடந்தான்.

வரிசையின் கடைசியில் ராசிங்காபுரத்து மகாராஜன் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் முத்துப்பிரியாவைத்தான் ஜெகதீஷுக்குப் பேசியிருந்தது. போனைக் கை நீளத்துக்கு நீட்டி, கண்ணைச் சுருக்கி, கிட்டே இழுத்து, மறுபடி நீட்டினார்.

“மாப்ள, இங்கிட்டு வாங்க. கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். எவனோ புதுசா என்னமோ படம் அனுப்பியிருக்கான். மங்கலாத் தெரியுது. என்னன்னு பாருங்க.”

ரச வாளியோடு வந்த தமிழ்செல்வி நின்றுவிட்டாள். போனை வாங்கிய தம்பியின் கழுத்து நரம்பு எழுந்து நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அழித்துவிடு என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். ஒரு விரல் போதும். மனிதருக்குக் கண்ணாடிகூட இல்லை.

ஜெகதீஷ் அழிக்கவில்லை.

“மாமா, கொஞ்சம் இப்படி வர்றீகளா” என்று ஜீப் நின்ற பக்கம் அழைத்துப் போனான். வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் தமிழ்செல்வியும் பின்னால் போனாள்.

“இது எம் படம் மாமா. பொம்பளப்பிள்ள மாதிரிப் பழகி வீடியோவுல கூப்பிட்டாங்க. நான் ஏமாந்துட்டேன். அதப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் காசு கேட்டு மெரட்டுறாங்க. குடுக்கலன்னதும் ஒங்களுக்கு அனுப்பியிருக்காங்க.” எச்சிலை விழுங்கினான். “ஒட்டு வேல பண்ணுன படம்னு சொல்லியிருக்கலாம். இல்ல, நாந்தான்.”

மகாராஜன் தாடையைச் சொறிந்தார். ஜீப்பில் கட்டிய வாழையிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பொண்ணு பாக்க வந்தீகளே, அதுக்கு முன்னயா பின்னயா?”

“முன்ன மாமா. அன்னைக்கும் மெரட்டிக்கிட்டுத்தான் இருந்தான்.”

“அதோடயா எங்க வீட்ல உக்காந்திருந்தீக?”

“ஆமா.”

“அதான் கேசரி உள்ள எறங்கலையா?” என்றார் மகாராஜன். “எம் பொண்டாட்டி அன்னையில இருந்து சீனி கொறஞ்சு போச்சோ, சீனி கொறஞ்சு போச்சோன்னு என் உசுர வாங்குறா.”

அவர் ஜெகதீஷின் கையிலிருந்த போனைக் காட்டினார்.

“அழிங்க அத.”

“ஒரு நிமிசம் மாமா, நம்பர எடுத்துக்கிறேன். போலீசுக்குக் குடுக்கணும்” என்று தமிழ்செல்வி குறுக்கே வந்தாள். ஒரு கையில் ரச வாளி, ஒரு கையில் போன். எடுத்து முடித்ததும் ஜெகதீஷ் அழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“பிரியாகிட்ட நான் சொல்ல மாட்டேன்” என்றார் மகாராஜன். “பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். நீங்களே வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. சரின்னோ வேணாம்னோ அது சொல்லட்டும்.” பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “ரசந்தானே ஆத்தா? ஆறிப் போகும், வா.”

விஜயபாண்டி மாமாவிடமும் ஜெகதீஷே போய்ச் சொன்னான். மாமா கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு பந்தலுக்கு நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“எவனோ களவாணிப் பய நம்ம மாப்ளய மெரட்டுறான். தெரியாத நம்பர்ல இருந்து படம் வந்தா ஒருத்தரும் தொறக்காதீக. தமிழ்செல்விகிட்டக் கொண்டாங்க. தொறந்து பாத்தவனுக்குப் பாயாசம் கெடையாது.”

“கேத வீட்ல ஏது பெரியப்பா பாயாசம்?” என்றான் பந்தியில் ஒருவன்.

“அதான் கெடையாதுன்னு சொல்லிட்டேன்ல. சாப்புடு.”

இருவர் எழுந்து வந்து போனைத் தமிழ்செல்வியிடம் கொடுத்துவிட்டு, அவள் படத்தை அழிக்கும்வரை முகம் திருப்பி நின்று, வாங்கிக்கொண்டு போனார்கள். மலை ஜீப்புகள் கிளம்பும்போது அன்னக்கொடி ஜெகதீஷின் மொட்டைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “மேல வா அப்பு, ஒரு நாளு. அப்பா பேரச் சொல்லிக் காப்பி போட்டுத் தர்றேன். அக்காவையும் கூட்டிட்டு வா” என்றாள்.

பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த தமிழ்செல்வியின் அருகில் அருள்பாண்டி வந்து நின்றான். ஒரு கரண்டியை எடுத்தான், வைத்தான்.

“மதினி, அந்தப் போலீசு நம்பரு என்ன?”

“ஒண்ணு ஒம்பது மூணு சைபர். எதுக்கு?”

“ஒரு பிரெண்டுக்கு. போன வருசத்துல இருந்து... அவனும் யாருகிட்டயும் சொல்லல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அருள்பாண்டி கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு நாங்க தேனிக்குப் போறோம்” என்றாள். “கார்ல எடம் இருக்கு. பிரெண்ட வரச் சொல்லு.”

“சரி மதினி” என்று கரண்டியைக் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு போனான்.

வெளியே பந்தல்காரர்கள் துணியை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்று பக்கம் அவிழ்ந்துவிட்டது. நாலாவது மூலையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு ஜெகதீஷ் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. எத்தனையோ நாள் தூக்கம் போலிருந்தது.

“எழுப்பட்டுமாக்கா?” என்றான் பந்தல்காரன்.

அவள் வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

“சரி, இந்த மூலைய அப்புறமா அவுக்குறோம். டீ குடிச்சுட்டு வர்றோம்.”

மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த வெயில் அவிழ்ந்த பக்கமாகப் பந்தலுக்குள் நீண்டு, ஜெகதீஷின் புது மொட்டையில் பளபளவென்று விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கினான். தமிழ்செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளிப் போட்டாள். இன்னும் கொஞ்சம். அவள் நிழல் அவன் தலையில் சரியாக விழுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள்.